போன்ல ஓடாத கணக்கை வெளி சர்வர்கிட்ட கொடுக்கிறது எப்படி: அவன் பார்க்காம இருக்க, பொய் சொன்னா மாட்டிக்க, முழு வழிகாட்டி

2008, 2009 வாக்குல நோக்கியா ஜாவா போன் வச்சிருந்த யாருக்கும் ஓபரா மினி ஞாபகம் இருக்கும். அந்தக் குட்டி போன்ல அவ்ளோ பெரிய வெப்சைட் எப்படி திறந்துச்சுன்னு அப்ப நாம யோசிச்சதே இல்ல. உண்மையில பக்கத்தைத் திறந்தது நம்ம போனே கிடையாது, ஓபராவோட சர்வர் பக்கத்தை வாங்கி, அடுக்கி, சுருக்கி, ரெடி பண்ணி அனுப்பும், போன் அதை வரைஞ்சு காட்டும், அவ்ளோதான். அப்படி இருக்கிறப்ப எச்டிடிபிஎஸ் சைட்டா (வழியில யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புற சைட்டு) இருந்தாலும் நடுவுல அந்த சர்வர்ல பூட்டு திறந்துதான் ஆகணும், இதை ஓபராவே தன் கேள்வி பதில் பக்கத்துல வெளிப்படையா சொல்லியிருந்துச்சு, படிச்சவங்கதான் கம்மி.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு இடத்தைப் பத்திதான். கணக்கை வெளிய கொடுத்தா ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, கணக்கு போடுறவன் என் டேட்டாவைப் பார்க்கிறானா? ரெண்டு, அவன் கொடுக்கிற விடை சரிதானா? எச்டிடிபிஎஸ் இந்த ரெண்டுக்குமே பதில் இல்ல, அது வழியில இருக்கிறவன்கிட்ட இருந்துதான் காப்பாத்தும், போய்ச் சேர்ற இடத்துல இருக்கிறவன்கிட்ட இருந்து இல்ல. நான் பார்த்த வரைக்கும் முதல் கேள்வியையாவது சிலர் கேட்கிறாங்க, ரெண்டாவதை யாரும் கேட்கிறதே இல்ல, எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஒரே உதாரணத்தை வச்சு கடைசி வரைக்கும் போறேன். நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன கிளினிக்குக்காக ஒரு ஆப் பண்ணினோம், சுகர் இருக்கிறவங்களோட கால் புண்ணை செவிலியர் அக்கா போன்ல போட்டோ எடுப்பாங்க, புண் மோசமாகுதா இல்லையான்னு மாடல் (படங்களைப் பார்த்துக் கத்துக்கிட்ட ஏஐ புரோகிராம்) ஒரு ஸ்கோர் கொடுக்கும். 3 ஜிபி ராம் போன், மாடல் பெருசு, அதனால வாடகை சர்வருக்கு அனுப்பினோம். போட்டோ ஒருத்தரோட உடம்பு, ஸ்கோர் தப்பானா ஒருத்தரோட காலே போகலாம். ரெண்டு கேள்வியும் அங்க நேரா வந்து நிக்குது.

ஸ்டெப் 1: அனுப்பணுமா வேண்டாமான்னு முதல்ல கணக்கு போடுங்க

எல்லாரும் இதைத் தாண்டிப் போயிடுறாங்க. கணக்கு பெருசு, அனுப்புற டேட்டா சிறுசுன்னா வெளிய கொடுக்கிறது லாபம். கணக்கு சிறுசு, டேட்டா பெருசுன்னா நஷ்டம். 2010ல கார்த்திக் குமார், யுங்-ஸியாங் லூ ரெண்டு பேரும் இதை ஒரு கட்டுரையில எளிமையா சூத்திரமா போட்டாங்க, செஸ் விளையாட்டை உதாரணமா எடுத்தாங்க. செஸ் போர்டு நிலைமையை அனுப்ப சில பைட் போதும், ஆனா அடுத்த மூவ் யோசிக்க எக்கச்சக்க கணக்கு, அதனால அனுப்புறதுதான் புத்திசாலித்தனம்.

நம்ம கேஸ்ல போட்டு பாருங்க. போன்லயே ஓடினா 12 செகண்ட் ஆகுது, அப்ப 2 வாட் இழுக்குதுன்னு வச்சுக்குங்க, மொத்தம் 24 ஜூல். போட்டோ 3 எம்பி, அதாவது 24 மெகாபிட், அப்லோடு ஸ்பீடு 4 எம்பிபிஎஸ்னா 6 செகண்ட், ரேடியோ 1.2 வாட் இழுத்தா 7.2 ஜூல். நல்ல லாபம். அதே போன் ஊருக்கு வெளிய போய் சிக்னல் ஒரு கட்டைக்கு இறங்கி ஸ்பீடு 0.5 எம்பிபிஎஸ் ஆச்சுன்னா 48 செகண்ட், 57.6 ஜூல், போன்லயே ஓட்டியிருக்கலாம். இப்ப போட்டோவை 300 கேபியா சுருக்குங்க, அதே மோசமான சிக்னல்லயே 4.8 செகண்ட், 5.76 ஜூல். சர்வரை மாத்தல, நெட்வொர்க்கை மாத்தல, அனுப்புற அளவை மட்டும்தான் மாத்தினோம், முடிவே தலைகீழா ஆயிடுச்சு.

இன்னொண்ணு, அனுப்பி முடிச்ச உடனே ரேடியோ தூங்கப் போகாது, இன்னும் சில செகண்ட் முழிச்சுக்கிட்டே பேட்டரி தின்னும். அதனால பத்து தடவை பிச்சு பிச்சு அனுப்பாம ஒரே மூட்டையா அனுப்புங்க.

மேல உள்ள வாட், செகண்ட் எண்ணெல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சது, உங்க போன்ல நீங்களே அளந்து பாருங்க. அளந்த பிறகு போன்லயே ஓடிடும்னு தெரிஞ்சா இதோட நிறுத்திக்கலாம், வெளியவே போகாத டேட்டாவை விட பாதுகாப்பான டேட்டா கிடையாது.

ஸ்டெப் 2: எங்க வெட்டணும்னு முடிவு பண்ணுங்க

மொத்த ஆப்பையும் அனுப்ப வேண்டியதில்ல. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரங்க இருந்த குழுவோட மவுயி (2010) ஒவ்வொரு ஃபங்ஷனா பார்த்து, இதை அனுப்பினா லாபமா இல்லையான்னு ஓடுற நேரத்துலயே முடிவு பண்ணுச்சு. இன்டெல் ஆளுங்க இருந்த குளோன்கிளவுட் (2011) ஓடிக்கிட்டு இருக்கிற த்ரெட்டையே (ஆப்புக்குள்ள ஓடுற ஒரு வேலை) தூக்கி கிளவுட்ல இருக்கிற குளோன்ல வச்சு, முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்துச்சு. இதுக்கெல்லாம் முன்னாடியே 2001ல "சைபர் ஃபோரேஜிங்"னு பேர் வச்சு இந்த யோசனையை எழுதினவர் மகாதேவ் சத்யநாராயணன், நம்ம சென்னை ஐஐடியில படிச்சு கார்னகி மெலன்ல பேராசிரியரா இருக்கிறவர். 2009ல அவரும் கூட இருந்தவங்களும் கிளவுட்லெட்னு ஒண்ணை முன்வச்சாங்க, தூரத்து டேட்டா சென்டருக்கு போகாம பக்கத்துலயே ஒரு குட்டி சர்வர் இருக்கட்டும்னு. இந்த கிளவுட்லெட் யோசனை ஸ்டெப் 5ல நமக்கு வேற ஒரு விதத்துல உதவும்.

எங்க ஆப்ல வெட்டின இடம் இதுதான்: போட்டோவை சுருக்கி எண்களா மாத்துறது போன்ல, பெரிய மேட்ரிக்ஸ் (எண்களை வரிசையா அடுக்கின கட்டம்) பெருக்கல் மட்டும் சர்வர்ல, கடைசி ஸ்கோர் மறுபடி போன்ல. நியூரல் நெட்வொர்க்ல (லேயர் லேயரா கணக்கு போடுற மாடல், எங்களோடதும் அதுதான்) நேரம் தின்றது பெரும்பாலும் அந்தப் பெருக்கல்தான், அதே பெருக்கலுக்குத்தான் நல்ல பாதுகாப்பு வழியும் இருக்கு, இது அதிர்ஷ்டம்னே சொல்லணும்.

இங்க ஒரு எச்சரிக்கை. "போட்டோவை அனுப்பல, வெறும் நடு லேயர் எண்களைத்தானே அனுப்புறோம், அது யாருக்குப் புரியும்"னு நினைக்காதீங்க. அந்த எண்கள்ல இருந்து படத்தை ஓரளவு திருப்பி வரைய முடியும்னு ஆராய்ச்சியில காட்டியாச்சு.

ஸ்டெப் 3: எதிரி யாருன்னு பேர் வைங்க

ஹேக்கர்னு பொதுவா எழுதிட்டுப் போகாதீங்க. மூணு விதமான ஆள் இருக்கான்: எட்டிப் பார்க்கிறவன், சோம்பேறி, கெடுக்கிறவன். நடைமுறையில நீங்க அதிகம் சந்திக்கப் போறது சோம்பேறியைத்தான், ஏன்னா கணக்கை முழுசா போடாம விட்டா அவனுக்கு கரண்டும் ஜிபியூ நேரமும் மிச்சம். எங்களுக்கே நடந்துச்சு. நாங்க வாடகைக்கு எடுத்த இடத்துல (பேர் வேண்டாம்) ராத்திரி நேரத்துல மட்டும் ஸ்கோர் லேசா மாறி வந்துச்சு, எங்க கோடுலதான் பிழைன்னு ரெண்டு வாரம் தேடினோம், கடைசியில பார்த்தா அவங்க பக்கத்துல எங்க மாடலை தானாவே "ஆப்டிமைஸ்" பண்ணின சின்ன வெர்ஷனுக்கு மாத்தி விட்டிருந்தாங்க. அந்த ரெண்டு வாரமும் அக்கா அந்த ஸ்கோரைப் பார்த்துத்தான் யாரை டாக்டர்கிட்ட அனுப்பணும்னு முடிவு பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அதை நினைச்சா இன்னும் மனசு கேட்கல.

இது பழைய பிரச்சினைதான். 1999ல பெர்க்லியில ஆரம்பிச்ச, வேற்றுக்கிரக சிக்னல் தேடுற செட்டி அட் ஹோம்ல உலகம் முழுக்க ஜனங்க தங்கள் கம்ப்யூட்டரை இலவசமா கொடுத்தாங்க, அங்கயே சிலர் வேகமா பாயிண்ட் ஏத்த சாஃப்ட்வேரை மாத்தி தப்பு விடை அனுப்பினாங்க, அதனால ஒரே வேலையை ஒண்ணுக்கு மேல ஆளுங்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாப் போச்சு. ஒப்பிடுறது நல்ல வழிதான், ஆனா செலவு ரெட்டிப்பு, ரெண்டு சர்வரும் ஒரே முதலாளியோடதுன்னா பிரயோஜனமும் இல்ல.

ஸ்டெப் 4: விடையை சரிபார்க்க கணக்கை விட சின்ன கணக்கு தேடுங்க

இதுதான் மொத்த விஷயத்தோட உயிர், கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

எங்க பெரியப்பா அரிசி மண்டியில கணக்கு எழுதினவர். 75 கிலோ மூட்டை 347ன்னா மொத்தம் எவ்வளவுன்னு பையன் 26025 எழுதிக் கொண்டாந்தா, அவர் மறுபடி பெருக்க மாட்டார். 3+4+7=14, 1+4=5. 7+5=12, 1+2=3. 5×3=15, 1+5=6. விடையில 2+6+0+2+5=15, அதுவும் 6. "சரிடா தம்பி, போ"ம்பார். பெருக்கினவனுக்கு ரெண்டு நிமிஷம், சரிபார்த்தவருக்கு அஞ்சு செகண்ட்.

ஆனா அந்தப் பையன் 26205ன்னு எண்ணை இடம் மாத்தி எழுதியிருந்தா? அதுக்கும் கூட்டு 15, அதுவும் 6, பெரியப்பா ஓகே சொல்லியிருப்பார். சோதனை என்னன்னு முன்னாடியே தெரிஞ்சவன் அதுல தப்பிக்கிற மாதிரியே பொய் சொல்லுவான். ஆக சரிபார்ப்புக்கு ரெண்டு குணம் வேணும், கணக்கை விட ரொம்ப மலிவா இருக்கணும், எந்த சோதனைன்னு அவனுக்குத் தெரியக் கூடாது.

மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு இந்த ரெண்டும் இருக்கிற சோதனையை 1977ல லாட்வியாவைச் சேர்ந்த ஃப்ரைவால்ட்ஸ் கொடுத்தார். பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க. முதல் மேட்ரிக்ஸ் (2 3 / 1 4), ரெண்டாவது (5 1 / 2 6), சாய்கோடு அடுத்த வரிசையைக் குறிக்குது. சரியான பெருக்கல் (16 20 / 13 25), முதல் எண் 2×5+3×2=16, மத்ததும் அதே மாதிரி. சர்வர் கடைசி எண்ணை மட்டும் மாத்தி (16 20 / 13 26)னு அனுப்புறான்னு வச்சுக்குங்க.

நீங்க மனசுக்குள்ள ஒரு ரகசிய ஜோடி எடுக்கிறீங்க, (0, 1). ரெண்டாவது மேட்ரிக்ஸை அதால பெருக்கினா 5×0+1×1=1, 2×0+6×1=6, அதாவது (1, 6). அதை முதல் மேட்ரிக்ஸ்ல போட்டா 2+18=20, 1+24=25. சர்வர் கொடுத்த விடையை அதே (0, 1) ஆல பெருக்கினா (20, 26). 25 எங்க, 26 எங்க, மாட்டிக்கிட்டான். (1, 1) எடுத்திருந்தா (36, 38)க்கு எதிரா (36, 39), அப்பவும் மாட்டுவான். (1, 0) எடுத்திருந்தா ரெண்டு பக்கமும் (16, 13), தப்பிச்சிருப்பான். (0, 0) எடுத்தாலும் தப்பிப்பான். நாலுல ரெண்டு. 0, 1 மட்டும் வச்சு ஆடினா ஒரு தடவைக்கு தப்பிக்கிற வாய்ப்பு அதிகபட்சம் பாதி, ஒவ்வொரு தடவையும் புதுசா எடுத்து 20 தடவை பண்ணினா பத்து லட்சத்துல ஒண்ணுக்கும் கீழ போயிடும். 0, 1க்குப் பதிலா பெரிய பகா எண்ணுக்குள்ள ஏதோ ஒரு எண்ணை எடுத்தா ஒரே தடவையே போதும்.

எல்லாக் கணக்குக்கும் இப்படி ஒரு குறுக்கு வழி கிடைக்காது, ஆனா தேடினா நிறைய கிடைக்கும். வகுத்தல்னா பெருக்கிப் பாரு, வர்க்கமூலம்னா வர்க்கம் எடு, சமன்பாடு தீர்வுன்னா திருப்பி சமன்பாட்டுல போட்டுப் பாரு, வரிசைப்படுத்தினதுன்னா ஏறுவரிசையில இருக்கா, கொடுத்த எண்ணெல்லாம் அப்படியே இருக்கான்னு பாரு.

ஸ்டெப் 5: நம்ம ஆப்ல இதைப் பொருத்துறது

ஒரு லேயர்ல 1000க்கு 1000 எடை மேட்ரிக்ஸ் (எடைன்னா மாடல் கத்துக்கிட்டு வச்சிருக்கிற எண்கள்). போன்கிட்ட 1000 எண் இருக்கு, சர்வர் அதை மேட்ரிக்ஸால பெருக்கி 1000 எண் திருப்பித் தரணும். 10 லட்சம் பெருக்கல்.

அந்த எடை மேட்ரிக்ஸ் தினமும் மாறாது. அதனால முன்கூட்டியே, நம்பிக்கையான ஒரு இடத்துல, எங்க கேஸ்ல கிளினிக்லயே இருக்கிற ஒரு பழைய லேப்டாப்ல (நம்ம சொந்த கிளவுட்லெட் மாதிரி), ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா 1000 ரகசிய எண் எடுத்து, எடை மேட்ரிக்ஸை அதால பெருக்கி வர்ற 1000 எண்ணையும் சேர்த்து போன்ல போட்டு வச்சிடுறோம். முதல்ல உள்ளதை சாவின்னும் ரெண்டாவதை ஜோடின்னும் கூப்பிடலாம். சர்வர் விடை கொடுத்ததும் விடையை சாவியோட வரிசையா பெருக்கிக் கூட்டு, அனுப்பின எண்ணை ஜோடியோட வரிசையா பெருக்கிக் கூட்டு, ரெண்டும் ஒண்ணா இருந்தா சரி. மொத்தம் 2000 பெருக்கல், முழு மாடலும் போன்ல இருக்கவே வேண்டாம்.

இதுல கை சுட்டுக்கிற இடம் ஒண்ணு உண்டு. தசம எண்ணை வச்சு பண்ணாதீங்க, ரவுண்டிங்ல வர்ற வித்தியாசமா பொய்யான்னு பிரிக்க முடியாது. எல்லாத்தையும் முழு எண்ணா மாத்தி ஒரு பகா எண்ணால வகுத்த மீதியில கணக்கு போடுங்க. எந்தப் பகா எண்? 8 பிட் எண்கள்னா (−127ல இருந்து 127 வரைக்கும்) மோசமான நிலைமையில 127×127×1000 = 1,61,29,000 வரைக்கும் வரும், மைனஸும் வேணும், அதனால 2^24 பக்கத்துல எடுத்தா பத்தாது. நான் 2^31−1 எடுத்தேன், 214 கோடிக்கு மேல, பொய் தப்பிக்கிற வாய்ப்பும் 214 கோடியில ஒண்ணு. போன் பக்கம் 64 பிட் முழு எண் வேணும், ஒவ்வொரு கூட்டலுக்கு அப்புறமும் மீதி எடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டு மூணு கூட்டல்லயே வழிஞ்சிடும்.

ஸ்டெப் 6: எண்களுக்கு முகமூடி போடுங்க

இப்ப முதல் கேள்வி, அவன் பார்க்கிறானா.

அனுப்பற 1000 எண்ணோட, அதே பகா எண்ணுக்குள்ள 1000 ரேண்டம் எண்ணைக் கூட்டி மீதி எடுத்து அனுப்புங்க. சர்வர் பார்க்கிறது வெறும் ரேண்டம் எண், அந்த எண்கள் உண்மையிலேயே ரேண்டமா இருக்கிற வரைக்கும் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வச்சாலும் அதுல இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது. அவன் பெருக்கித் திருப்பித் தந்ததும், முகமூடி எண்களை மட்டும் எடை மேட்ரிக்ஸால பெருக்கினா என்ன வருமோ அதைக் கழிச்சிடுங்க, உண்மை விடை கையில. ஸ்டெப் 5 சோதனை முகமூடி போட்ட எண்களுக்கும் அப்படியே வேலை செய்யும். ஃப்ளோரியன் டிராமர், டான் போனேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019ல வெளியிட்ட ஸ்லாலம்ங்கிற முறை இந்த ரெண்டையும் ஒண்ணா சேர்த்ததுதான், நான் அதைத்தான் போனுக்கு ஏத்த மாதிரி வெட்டி எடுத்தேன்.

கழிக்கிற எண்ணை யார் கணக்கு போடுறதுன்னு நீங்க கேட்கணும். அதுவும் அதே 10 லட்சம் பெருக்கல்தான், ஆக மொத்த வேலை குறையல, நேரம்தான் இடம் மாறுது, இதை மறைச்சுப் பேசுறது தப்பு. அந்த லேப்டாப் ராத்திரி 500 முகமூடிக்கு கணக்கு போட்டு வைக்கும், காலையில அக்கா கிளினிக் வைஃபைக்குள்ள வந்ததும் போன் வாங்கிக்கும். ஒரு முகமூடிக்கு 4 கேபி, 500க்கு 2 எம்பி, முகமூடி எண்களை ஒரு சீடுல (ரேண்டம் எண்களை உருவாக்க உதவுற ஒரு சின்ன ரகசிய எண்) இருந்து போனே உருவாக்கிக்கலாம்.

ஒரு முகமூடி ஒரே ஒரு தடவைதான், இதுல சமரசமே கிடையாது. ரெண்டு போட்டோவுக்கு ஒரே முகமூடி போட்டா ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சாலே முகமூடி காணாமப் போயிடும், ரெண்டு போட்டோவோட வித்தியாசம் அப்படியே தெரியும். நெட் கட்டாகி ரீட்ரை பண்றப்பதான் இந்தத் தப்பு நடக்கும், போட்டோவை ரெண்டாவது தடவை எடுத்துட்டு பழைய முகமூடியையே போட்டு அனுப்பிடும். அனுப்புறதுக்கு முன்னாடியே அந்த நம்பரை செலவானதா எழுதிட்டு அப்புறம் அனுப்புங்க.

பெருக்கல், கூட்டல் மாதிரி நேர்கோட்டுக் கணக்குக்குத்தான் இது ஆகும், கன்வல்யூஷனுக்கும் (படத்து மேல சின்ன கட்டத்தை நகர்த்திப் பெருக்கிக் கூட்டுறது) ஆகும். நடுவுல வர்ற ரெலு (மைனஸ் எண்ணை எல்லாம் பூஜ்யமாக்குறது) மாதிரி விஷயங்களை போன்லதான் பண்ணணும், அதனால லேயருக்கு ஒரு தடவை போயிட்டு வரணும். 50 லேயர் வெளிய கொடுத்தா 50 தடவை, அப்ப ஸ்டெப் 1 கணக்கு கெட்டுப் போயிடும். நாங்க பெரிய ரெண்டு லேயரை மட்டும்தான் வெளிய கொடுத்தோம்.

ஸ்டெப் 7: மத்த வழிகள், எப்ப எடுக்கலாம்

ஹோமோமார்ஃபிக் என்கிரிப்ஷன்: பூட்டின டேட்டா மேலயே கணக்கு போடுறது. எந்தக் கணக்கா இருந்தாலும் முடியும்னு 2009ல கிரெய்க் ஜென்ட்ரி காட்டினார், இன்னைக்கு ஐபோன்லயே தெரியாத நம்பர் யாருன்னு தேடுற வசதிக்கு ஆப்பிள் இதைப் பயன்படுத்துது (ஐஓஎஸ் 18). நல்ல விஷயம், ஆனா ஒரு பூட்டின பொட்டலமே சில நூறு கேபி வரைக்கும் ஆகலாம், சர்வர் பக்கம் கணக்கும் பல மடங்கு மெதுவா போகும். முக்கியமா, இது பார்க்க முடியாம பண்ணும், பொய் சொல்ல முடியாம பண்ணாது. பூட்டின டேட்டா மேல தப்புக் கணக்கு போட்டுத் திருப்பித் தந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க.

என்கிளேவ்: சர்வரோட முதலாளியே எட்டிப் பார்க்க முடியாத பெட்டி சிப்புக்குள்ளயே இருக்கும், உள்ள ஓடுற கோடு இதுதான்னு சிப்பே கையெழுத்து போட்டுக் கொடுக்கும். இன்டெல் எஸ்ஜிஎக்ஸ் 2015ல வந்துச்சு, 2018ல ஃபோர்ஷேடோன்னு ஒரு தாக்குதல் அந்தக் கையெழுத்துச் சாவியையே வெளிய எடுத்துக் காட்டுச்சு. அதுக்காக தூக்கிப் போட வேண்டாம், முழு மாடலையும் வெளிய கொடுக்கணும்னா இன்னைக்கு இதுதான் நடைமுறை வழி, அந்தக் கையெழுத்தை போன் பக்கம் கட்டாயம் சரிபாருங்க, பழைய ஃபர்ம்வேர்னா மறுத்துடுங்க.

எது கணக்கா இருந்தாலும் ஆதாரத்தோட திருப்பித் தர்ற ஜெனரல் முறைகள் (2010ல ஜென்னாரோ, ஜென்ட்ரி, பார்னோ கொடுத்தது, 2013ல வந்த பினோக்கியோ) இருக்கு, சரிபார்க்கிறது மலிவு, ஆனா ஆதாரம் தயாரிக்கிற சர்வருக்கு பயங்கர செலவு, பெரிய மாடலுக்கு இப்போதைக்கு நான் எடுக்க மாட்டேன்.

ஸ்டெப் 8: விடை தெரிஞ்ச கேள்வியை நடுவுல ஒளிச்சு அனுப்புங்க

ஸ்டெப் 5 மாதிரி சோதனை கிடைக்காத கணக்குக்கு இது ரொம்ப உதவும். கோல், மிரோனோவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001ல இதை முறையா எழுதினாங்க. நமக்கு ஏற்கனவே விடை தெரிஞ்ச போட்டோக்களை உண்மையானதோட கலந்து அனுப்பணும், எது சோதனைன்னு சர்வருக்குத் தெரியக் கூடாது. பத்துல ஒரு கணக்குல ஏமாத்துற சர்வர் 44 சோதனையிலயும் மாட்டாம தப்பிக்கிற வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ. ராத்திரி மாடல் மாறினதை நாங்க பிடிச்சது இப்படித்தான். ஒரே சோதனை போட்டோவை திரும்பத் திரும்ப அனுப்பாதீங்க, பழைய விடையையே எடுத்துக் கொடுத்துடுவான்.

ஸ்டெப் 9: சோதனை தோத்தா என்ன பண்ணணும்னு முன்னாடியே எழுதி வைங்க

கோடுல சரிபார்ப்பு இருக்கும், தோத்தா லாக்ல ஒரு வரி எழுதிட்டு விடையை அப்படியே காட்டிடும், இந்த மாதிரி ஆப் நான் பார்த்திருக்கேன். தோத்தா அந்த விடை திரைக்கே வரக் கூடாது. சர்வர்கிட்ட ஏன் தோத்துச்சுன்னு விவரமா சொல்லவும் கூடாது. எல்லா கோரிக்கையிலயும் ஒரு புது நம்பர் போட்டு அனுப்புங்க, விடையோட அது திரும்பி வரலைன்னா ஏத்துக்காதீங்க. க்ராஷ் ரிப்போர்ட்ல, லாக்ல முகமூடி போடாத எண்கள் போகுதான்னு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க, முன்வாசலை இப்படிப் பூட்டிட்டு கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறதை எங்க ஆப்லயே நான் பிடிச்சேன். எத்தனை மணிக்கு, எத்தனை தடவை அனுப்பினீங்கங்கிறது முகமூடிக்கு அப்புறமும் தெரியும், அதுவும் ரகசியம்னா போட்டோக்களை சேர்த்து வச்சு குறிப்பிட்ட நேரத்துல மொத்தமா அனுப்புங்க.

எங்க ஆப்ல இப்ப சோதனை தோத்தா போன் தானாவே அந்த ரெண்டு லேயரையும் மெமரி கார்டுல இருந்து துண்டு துண்டா எடுத்து உள்ளயே ஓட்டும், அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். திரையில "சர்வர் விடை சரியில்ல, போன்லயே பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்க அக்கா"ன்னு வரும். முதல் தடவை அது வந்தப்ப அக்கா போன் பண்ணி, "தம்பி, சரியில்லாத விடை வருமா இதுல? இவ்ளோ நாள் எப்படிடா பார்த்தீங்க?"ன்னு கேட்டாங்க. அதுக்கு முந்தின மூணு மாசத்து போட்டோ எல்லாத்தையும் அந்த லேப்டாப்ல மறுபடி ஓட்டி, ஸ்கோர் மாறினவங்க லிஸ்ட்டை அன்னைக்கு சாயங்காலமே அவங்க கையில கொடுத்தோம்.